வாங்கியது 200, விளையாடியது 20!

ஒருவர் அலமாரியில் 200 சட்டைகள் இருக்கின்றன. அவற்றில் 180 சட்டைகளுக்கு மடிப்பே கலையவில்லை.

அவர் கடைத்தெருவுக்குப் போகிறார். 201-வது சட்டையை வாங்கிக்கொண்டு வருகிறார்.

"போடாத சட்டையே 180 கிடக்கிறதே! இது எதற்கு?" என்று மனைவி கேட்கிறார்.

"கால் விலைக்குக் கொடுத்தான். விட மனம் வரவில்லை" என்கிறார் அவர்.

இதைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். ஆனால், இன்று பல நாடுகளில் படித்தவர்கள், நல்ல வேலையில் இருப்பவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். அவர்கள் வாங்கிக் குவிப்பது சட்டை அல்ல; வீடியோ விளையாட்டு!

ஜப்பான் நாட்டில் இதற்குத் தனிச்சொல்லே இருக்கிறது. "சுமிகே" என்பார்கள். வாங்கி வைத்து, விளையாடாமல் குவிந்து கிடக்கும் விளையாட்டு என்று பொருள்.

இங்கிலீஷ்காரர்கள் இதை "பேக்லாக்" என்பார்கள். முடிக்காமல் தேங்கிக் கிடக்கும் வேலைக்கு ஆபீசில் சொல்லுகிற சொல் அது.

விளையாட்டு எப்படி வேலை ஆயிற்று? அதுதான் வேடிக்கை!

அலமாரி இல்லாத கடை

முன்பெல்லாம் வீடியோ விளையாட்டு தட்டில் பதிந்து, பெட்டியில் வைத்து வரும். கடைக்குப் போக வேண்டும். பெட்டியைத் தூக்கி வரவேண்டும். வீட்டில் அதற்கு இடம் வேண்டும்.

இடம் நிறைந்துவிட்டால், "போதும்" என்று அலமாரியே சொல்லிவிடும்.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் பெல்வியூ என்று ஓர் ஊர். அங்கே வால்வ் என்ற கம்பெனி இருக்கிறது. 2003 செப்டம்பரில் அது "ஸ்டீம்" என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது.

முதலில் அது சொந்த விளையாட்டுகளைக் கொடுப்பதற்கு வந்தது. 2005 முதல் மற்றவர்களின் விளையாட்டுகளையும் அதில் விற்றார்கள். இப்போது கம்ப்யூட்டர் விளையாட்டுக்குப் பெரிய கடை அதுதான். 2024-ல் மட்டும் 18 ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய விளையாட்டுகள் அங்கே வந்தன.

அந்தக் கடைக்கு நடக்க வேண்டாம். பெட்டி இல்லை. அலமாரி தேவை இல்லை. வாங்கியது எல்லாம் ஒரு பட்டியலில் பெயராக ஏறிவிடும்.

பெயர் இடத்தை அடைக்காது. ஆகவே, "போதும்" என்று சொல்ல ஆள் இல்லை.

கோடையில் ஒரு தள்ளுபடி, டிசம்பரில் ஒரு தள்ளுபடி என்று மாறி மாறி வரும். 100 ரூபாய்ச் சரக்கு 25 ரூபாய்க்குக் கிடைக்கும். சில சமயம் 10 ரூபாய்க்கும் கிடைக்கும். நம் ஊர் ஆடித் தள்ளுபடியில் கூட்டம் முண்டும். அங்கே அதுவும் இல்லை. படுக்கையில் படுத்துக்கொண்டே வாங்கலாம்.

2010-ல் "ஹம்பிள் பண்டில்" என்று ஒன்று வந்தது. பல விளையாட்டுகளை ஒரே கட்டாகக் கட்டி, "உங்களுக்குத் தோன்றிய விலையைக் கொடுங்கள்" என்றார்கள். ஒன்றை விரும்பி வாங்கியவர் வீட்டுக்கு, விரும்பாத நான்கும் சேர்ந்து வந்தன.

2018 டிசம்பரில் எபிக் என்ற கம்பெனி கடை திறந்தது. அது சில விளையாட்டுகளை இலவசமாகவே கொடுத்தது.

குவியாமல் என்ன செய்யும்?

2014-ல் "ஆர்ஸ் டெக்னிக்கா" என்ற அமெரிக்கச் செய்தித்தளம் ஒரு கணக்குப் பார்த்தது. ஸ்டீமில் மக்கள் பெயரில் இருந்த விளையாட்டுகள் சுமார் 78 கோடி. அவற்றில் 100-க்கு 37 ஒரு தடவைகூடத் திறக்கப்படவில்லை என்று அது மதிப்பிட்டது!

உண்மையில் வாங்குவது எதை?

60 டாலர் விளையாட்டை 15 டாலருக்கு வாங்கியவர், "45 டாலர் மிச்சம்" என்கிறார்.

அது மிச்சம் அல்ல. விளையாடினால், அவருக்கு 15 டாலர் செலவு. விளையாடாவிட்டால், 15 டாலர் நஷ்டம். 45 டாலர் அவர் பைக்குள் எப்போதும் வரவில்லை.

இது தெரியாத அசடா அவர்? இல்லை. அவர் மனத்தில் வேறு ஒன்று இருக்கிறது.

அவருக்கு 15 வயதாக இருந்தபோது, நேரம் கொட்டிக் கிடந்தது. பணம் இல்லை. ஒரே விளையாட்டைத் திரும்பத் திரும்ப ஆடினார். மூலை முடுக்கெல்லாம் மனப்பாடம் ஆயிற்று.

இப்போது அவருக்கு 35 வயது. சம்பளம் வருகிறது. மனைவி, குழந்தை, வேலை எல்லாம் வந்துவிட்டன. பணம் இருக்கிறது, நேரம் இல்லை.

இரவு பத்து மணிக்குக் களைத்துப்போய் உட்காருகிறார். விளையாடத் தெம்பு இல்லை. ஆனால், வாங்கத் தெம்பு வேண்டியது இல்லை. விரலை அழுத்தினால் போதும்.

அவர் வாங்குவது விளையாட்டை அல்ல. "என்றைக்காவது எனக்கும் ஓய்வு வரும்" என்ற நம்பிக்கையை வாங்குகிறார். அதை எந்தக் கடையும் விற்க முடியாது.

பிள்ளைக்குச் சேராத சொத்து

"இருக்கட்டுமே! பின்னால் ஆகும்" என்று சிலர் சொல்வார்கள்.

நகை வாங்கி வைத்தால், மகளுக்கு ஆகும். புத்தகம் வாங்கி வைத்தால், பேரன் படிப்பான். இந்தக் குவியல் அப்படி அல்ல.

ஸ்டீமில் பணம் கொடுத்து வாங்குவது பொருள் அல்ல, விளையாடுவதற்கு அனுமதி. அந்த அனுமதியை இன்னொருவர் பெயருக்கு மாற்ற, கம்பெனியின் ஒப்பந்தம் இடம் கொடுக்காது. தகப்பனார் கணக்கை மகன் பெயருக்கு எழுதி வைக்க முடியாது.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 2024-ல் ஒரு சட்டம் செய்தது. "நீங்கள் வாங்குவது அனுமதி மட்டுமே" என்பதை விற்பவர் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். 2025 ஜனவரி 1-ந் தேதி அது அமுலுக்கு வந்தது.

இன்னொரு செய்தியும் கேளுங்கள்.

"தி க்ரூ" என்பது கார் ஓட்டும் விளையாட்டு. யூபிசாப்ட் என்ற கம்பெனி 2014-ல் வெளியிட்டது. கம்பெனியின் இயந்திரத்தோடு இண்டர்நெட் வழியாகத் தொடர்பு இருந்தால்தான் அதை விளையாட முடியும்.

2024 மார்ச் 31-ந் தேதி கம்பெனி அந்த இயந்திரத்தை நிறுத்தியது. அதோடு விளையாட்டும் நின்றது. பணம் கொடுத்து வாங்கியவர்கள் கையைப் பிசைந்தார்கள்.

இப்படி விளையாட்டுகளைச் சாகடிக்கக் கூடாது என்று ஐரோப்பாவில் மனு எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். 2025 ஜூலையில் கையெழுத்து 10 லட்சத்தைத் தாண்டியது.

"பிறகு ஆடலாம்" என்று வைத்திருந்தவருக்குப் பிறகு வரவே இல்லை. இது குதிரில் போட்ட நெல் அல்ல. பறித்து வைத்த பூ.

3,000 மணி நேரம்!

குவியலைப் பார்த்துத் திடுக்கிட்டு விழித்தவர்களும் இருக்கிறார்கள். "இந்த ஆண்டு முழுவதும் புதிது வாங்க மாட்டேன். இருப்பதை எல்லாம் முடிப்பேன்" என்று சபதம் செய்கிறார்கள்.

முதல் பாதி நல்ல சபதம். இரண்டாம் பாதி ஆபத்து!

கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 விளையாட்டு. ஒன்றுக்கு 15 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுவோம். மொத்தம் 3,000 மணி. நாள் தவறாமல் ஒரு மணி நேரம் ஆடினாலும், எட்டு ஆண்டுக்கு மேல் ஆகும்.

பல விளையாட்டுகளுக்கு 15 மணி போதாது. போலந்து நாட்டில் செய்த "விட்சர் 3" 2015-ல் வந்தது. கதையை மட்டும் முடிக்கவே சுமார் 50 மணி ஆகும். ஜப்பானில் 2016-ல் வந்த "பெர்சோனா 5" 100 மணி நேரம் பிடிக்கும்.

ஆகவே, சபதம் செய்தவர் என்ன செய்கிறார்? பட்டியல் போடுகிறார். ஒன்றை முடித்து அடிக்கிறார். அடுத்ததைத் தொடங்குகிறார். கதையைக் கேட்பது இல்லை. காட்சியைப் பார்ப்பது இல்லை. முடிந்தால் சரி என்று ஓடுகிறார்.

பகல் முழுதும் ஆபீசில் ஒரு பட்டியல். இரவில் வீட்டில் இன்னொரு பட்டியல். இதற்குச் சம்பளமும் இல்லை!

குவியல் ஒரு கடன் அல்ல. அதை அடைத்தாக வேண்டும் என்று யாரும் வாசலில் வந்து நிற்கப் போவது இல்லை. கொடுத்த பணம் போனது போனதுதான். அதற்காக 3,000 மணி நேரத்தையும் சேர்த்துக் கொடுப்பது, ஒரு நஷ்டத்தோடு இன்னொரு நஷ்டம்.

வழி என்ன?

ஒன்று: முதலில் குழாயை அடைக்க வேண்டும். குழாய் திறந்திருக்கும்போது தொட்டியை இறைத்துப் பயன் இல்லை. தள்ளுபடி அறிவிப்புக் கடிதங்களை நிறுத்தி வைக்கலாம். பணம் கட்டும் கார்டு எண்ணைக் கடையில் பதிந்து வைக்காமல் இருக்கலாம். எழுந்துபோய்க் கார்டைத் தேடி எடுப்பதற்குள், பாதி ஆசை அடங்கிவிடும்.

இரண்டு: வாங்கினால் அன்றைக்கே தொடங்க வேண்டும். இதில் பணமும் இருக்கிறது. ஸ்டீம் கடையில் 2015 முதல் ஒரு விதி உண்டு. வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். குவியலில் போட்டவர் அந்த உரிமையையும் இழக்கிறார்.

மூன்று: சிறியதில் தொடங்கலாம். 2007-ல் வந்த "போர்ட்டல்" மூன்று நான்கு மணியில் முடியும். 2019-ல் வந்த "எ ஷார்ட் ஹைக்" இரண்டு மணிகூட ஆகாது. அதில் ஒரு சின்னப் பறவை, டெலிபோன் தொடர்பு கிடைப்பதற்காக மலை உச்சிக்கு ஏறுகிறது. அவ்வளவுதான் கதை. முடித்தவர் மனம் லேசாகும். பெரியது வேண்டுமா, வேண்டாமா என்று அதன்பிறகு அவரே தீர்மானிப்பார்.

நான்கு: பிடிக்காவிட்டால் விட்டுவிட வேண்டும். பாதிச் சினிமாவில் எழுந்து வருவது குற்றம் அல்ல. பாதி விளையாட்டில் எழுந்து வருவதும் குற்றம் அல்ல. பட்டியலில் இருந்து மறைத்து வைக்கவும் வழி இருக்கிறது. கண்ணில் படாவிட்டால், உறுத்தாது.

"வாங்கினால்தானே, விளையாட்டைச் செய்கிற சிறிய ஆட்கள் பிழைப்பார்கள்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இரண்டு மூன்று பேர் சேர்ந்து, பல ஆண்டு பாடுபட்டுச் செய்யும் விளையாட்டுகள் உண்டு. அவர்களுக்குக் காசு போய்ச் சேருவது நல்லதே.

ஆனால், சமைத்தவருக்குக் காசு மட்டும் போதுமா? சாப்பிட்டவர், "நன்றாக இருந்தது" என்று சொல்ல வேண்டாமா? விளையாடாமல் குவிப்பவர் காசைக் கொடுத்துவிட்டு, இலையில் கை வைக்காமல் எழுந்து போகிறவர்.

பக்கத்தில் ஒரு நாற்காலி

2024-ல் ஸ்டீமில் குடும்ப ஏற்பாடு ஒன்று வந்தது. ஒரு வீட்டில் இருக்கும் ஆறு பேர் வரை சேர்ந்துகொள்ளலாம். ஒருவர் வாங்கிய விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றை மற்றவரும் ஆடலாம்.

தகப்பனார் வாங்கி மறந்ததை, மகள் திறந்து பார்க்கலாம். "அப்பா! இது நன்றாக இருக்கிறதே, ஏன் ஆடவில்லை?" என்று கேட்கலாம்.

அன்று அவர் வேலை செய்ய வேண்டியது ஒன்றுதான். மகள் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும்.

அன்றைக்கு முடிவது ஒரே ஒரு விளையாட்டாக இருக்கலாம். மீதி 179 அப்படியே கிடக்கட்டும்.

மகள் பெரியவள் ஆன பிறகு, குவியலில் எத்தனை இருந்தது என்பது அவளுக்கு நினைவு இருக்காது. அப்பாவோடு சேர்ந்து ஆடிய அந்த ஒன்று மறக்காது.