நம் உறுப்பினர் எப்படி வாக்களித்தார்?

தேர்தல் காலத்தில் எத்தாளைக்கும் ஆலங்குடாவுக்கும் நுரைச்சோலைக்கும் வருகிற வேட்பாளர்களிடம் நாம் கேட்பவை ஏறக்குறைய ஒன்றேதான். வீதி போட்டுத் தருவீர்களா, கிணறு கட்டித் தருவீர்களா, பிள்ளைக்கு வேலை கிடைக்குமா? கேட்பதில் தவறில்லை. சொந்தக் காணியை விட்டு வந்து, பிறருடைய வெங்காயத் தோட்டத்தில் கூலிக்கு நிற்கும் குடும்பம் வேறு எதைக் கேட்கும்? ஆனால் வீதியையும் கிணற்றையும் பிரதேச சபையும் பார்க்கலாம். சட்டம் ஆக்குவது பாராளுமன்ற உறுப்பினரின் வேலை. அதில் அவர் என்ன செய்தார் என்று நாம் கேட்பதில்லை.

சட்டமூலம் கொண்டுவரும் உரிமை ஒவ்வோர் உறுப்பினருக்கும் உண்டு. தனி உறுப்பினர்கள் கொண்டுவருபவற்றில் பெரும்பாலானவை ஏதோவொரு சங்கத்தையோ மன்றத்தையோ சட்டப்படி கூட்டிணைப்பதற்கானவை. பெயர்ப்பலகைக்கு உதவும், காணிக்கு உதவாது. ஆகவே ஓர் உறுப்பினரை அறிய அவர் அளித்த வாக்குகளைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

நமது மாவட்டத்தையே எடுப்போம். 2020 பொதுத் தேர்தலில் தராசுச் சின்னத்தில் அலி சப்ரி ரஹீம் தெரிவானார். நீண்ட காலத்தின் பின் புத்தளம் முஸ்லிம்களுக்கு ஓர் உறுப்பினர் என்று மக்கள் மகிழ்ந்தார்கள். அவ்வாண்டு ஒக்டோபர் 22ஆம் திகதி, ஜனாதிபதியின் அதிகாரத்தைப் பெருக்கும் 20ஆவது திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. நிறைவேற 150 வாக்குகள் வேண்டும், கிடைத்தவை 156. எதிரணியிலிருந்து ஆதரித்தவர்கள் எட்டுப் பேர். அவர்களைக் கழித்தால் 148! அந்த எட்டுப் பேரில் நம்மவரும் ஒருவர். கொவிட்டில் இறந்தவர்களின் ஜனாஸாக்கள் குடும்பத்தாரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டுவந்த காலம் அது. அடக்கம் செய்ய அனுமதி 2021 பெப்ரவரியில்தான் வந்தது.

2023 மே மாதம் அவர் தங்கமும் கைத்தொலைபேசிகளும் கொண்டுவந்து விமான நிலையத்தில் பிடிபட்டு, 75 இலட்சம் ரூபா தண்டம் கட்டினார். அடுத்த நாள் பாராளுமன்றத்துக்கு வந்தார். மின்கட்டண உயர்வை எதிர்த்த பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுத் தலைவரை நீக்கும் பிரேரணைக்கு எதிராக வாக்களித்தார். நுரைச்சோலை அனல் மின் நிலையத்தின் அயலில் வாழும் நமக்கு அது சரியான வாக்கு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் காரணம்? அரசாங்கம் தமக்கு உதவவில்லை, அதனால்தான் எதிர்த்தேன் என்று அவரே கூறினார். நாம் கொடுத்த வாக்கு அவருடைய சொந்தக் கணக்கைத் தீர்க்கப் போயிற்று.

ஒருவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 2018 ஒக்டோபர் 10ஆம் திகதி இழப்பீடுகளுக்கான அலுவலகத்தை அமைக்கும் சட்டமூலம் வந்தது. யுத்தத்தில் இழந்தவர்களுக்கான சட்டம். ஆதரவு 59, எதிர்ப்பு 43. மொத்த உறுப்பினர் 225 பேர். சபாநாயகரை விட்டாலும் 122 பேர் எந்தப் பக்கமும் வாக்களிக்கவில்லை. எதிர்த்தவரிடமாவது நியாயம் கேட்கலாம். வராதவரிடம் என்ன கேட்பது? 2019 நவம்பர் 16ஆம் திகதி புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கப் போன நம் மக்களின் பஸ்கள்மீது தந்திரிமலைப் பக்கம் சுட்டார்கள், கல்லெறிந்தார்கள். அப்படிப் போய் வாக்களிக்கிறவர்களின் உறுப்பினர்கள் அந்த 122 பேரில் இருந்தார்களா என்று அறியும் உரிமை நமக்கு உண்டு.

ஹன்சாட் அறிக்கையில் அது இருக்கிறது. பெயர் கூப்பிட்டு வாக்கெடுத்தால் ஆதரித்தவர், எதிர்த்தவர் பெயர்களெல்லாம் அச்சாகும். வாய்மொழியாக நிறைவேறினால் எவர் பெயரும் இராது. ஊர் வாசிகசாலையில் படித்த பிள்ளைகள் இருவர் உட்கார்ந்தால் ஒரு மாலையில் பட்டியல் எடுத்துவிடலாம்.

முதலில் 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். பிறர் காணியைப் பத்தாண்டு தடையின்றி ஆண்டவர் உரிமை கோரலாம் என்பது பழைய சட்டம். ஆயுதக் குழுக்களால் காணிக்குப் போக முடியாதிருந்தவர்களுக்கு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று இச்சட்டம் சொன்னது. வழக்குப் போட இரண்டு ஆண்டு தவணை. அந்த இரண்டு ஆண்டுகளில் உங்கள் முகாமுக்கு வந்து இதைச் சொன்ன உறுப்பினர் யார்?