பாய்மரப் படகில் உல்லாசப் பயணம்: புயல் வராத கடல் என்று ஒன்று உண்டா?

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பனி கொட்டத் தொடங்கினால், வசதி படைத்த பல குடும்பங்களுக்கு ஓர் ஆசை பிறக்கும். வெயில் அடிக்கும் ஊருக்குப் போக வேண்டும். நீலக் கடலில் பாய்மரப் படகு விட வேண்டும். தீவு தீவாக இறங்கிப் பார்க்க வேண்டும்.

அப்படி ஆசைப்படுகிறவர்கள் தேடிப் போகும் இடங்களில் ஒன்று, மேற்கு இந்தியத் தீவுகள்.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இந்தப் பெயர் தெரியும். கரீபியன் கடலின் வடக்கு, கிழக்கு ஓரங்களில், வில்லைப் போல் வளைந்து கிடக்கும் தீவுக்கூட்டம் அது. அதன் தென்பகுதியில் செயின்ட் வின்சென்ட், கிரனடா என்று 2 சின்னஞ்சிறு நாடுகள் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே, சிதறிய முத்துகளைப் போல் பல குட்டித் தீவுகள். அவற்றுக்கு "கிரனடைன்ஸ்" என்று பெயர்.

"அந்தப் பக்கம் புயல் வராது" என்பது நெடுநாள் நம்பிக்கை. இப்போது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது. பயணத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் யோசிக்கிறார்கள். அவர்கள் வராவிட்டால் அடுப்பு எரியுமா என்று தீவு மக்கள் யோசிக்கிறார்கள்.

படகு வாடகைக்குக் கிடைக்கும்

நம் ஊரில் கார் வாடகைக்குக் கிடைப்பதுபோல், அங்கே பாய்மரப் படகு வாடகைக்குக் கிடைக்கிறது. படுக்கை, சமையல் அடுப்பு, குளியல் அறை எல்லாம் படகுக்குள்ளேயே இருக்கும். ஒரு வாரத்துக்கு அதுதான் வீடு.

படகு ஓட்டத் தெரிந்தவர்கள் தாங்களே ஓட்டிக்கொண்டு போகலாம். ஆனால் முன் அனுபவம் உண்டா என்று கம்பெனிக்காரர்கள் விசாரிப்பார்கள். முன்பணமும் கட்ட வேண்டும். ஓட்டத் தெரியாதவர்கள் மாலுமி ஒருவரையும் சேர்த்து அமர்த்திக்கொள்ளலாம்.

இரவில் படகு விடக் கூடாது என்பது பெரும்பாலான கம்பெனிகளின் கட்டளை. காரணம், பவளப்பாறை. சூரியன் தலைக்கு மேலே இருக்கும்போது பாறை இருக்கும் இடம் பழுப்பு நிறமாகத் தெரியும். ஆழமான இடம் கருநீலமாகத் தெரியும். பொழுது சாய்ந்துவிட்டால் எல்லாம் ஒன்றுதான். பாறையில் மோதினால் படகு பிளந்துவிடும். பவளமும் செத்துப் போகும்.

வழியில் ஓர் அதிசயமும் உண்டு. கிரனடாவுக்கு வடக்கே 8 கிலோமீட்டர் தூரத்தில், கடலுக்கு அடியில் ஓர் எரிமலை இருக்கிறது. அதன் பெயர் "கிக் எம் ஜென்னி". அது வெடித்ததை மக்கள் முதன்முதலாகக் கண்டது 1939-ம் ஆண்டில். அதன் தலைக்கு மேலே படகு விடக் கூடாது என்று, சுற்றிலும் 1½ கிலோமீட்டர் தூரத்துக்குத் தடை இருக்கிறது.

ஆறு மாதம் காற்று, ஆறு மாதம் கவலை

இந்தத் தீவுகளில் ஆண்டை இரண்டாகப் பிரிக்கலாம்.

டிசம்பர் முதல் மே வரை நல்ல காலம். கிழக்கே இருந்து, நம் மீனவர்கள் கொண்டல் என்று சொல்லும் காற்று விடாமல் வீசும். பாய்மரத்துக்கு அதுதான் சோறு. தீவுக்கும் தீவுக்கும் இடையில் உள்ள திறந்த கடலில் அலை கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும். குழந்தைகளுக்குத் தலை சுற்றும், வாந்தி வரும். மற்றபடி பயம் இல்லை. வாடகை மட்டும் அதிகம்.

ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம். அதிலும் ஆகஸ்டு, செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் பொல்லாதவை. அப்போது வாடகை குறையும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பாய்கிறவர்கள், அது ஏன் மலிவு என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாமல்லபுரத்துக்கு நேரே ஒரு கோடு

புயல் காலத்தில் படகுகளை எங்கே நிறுத்துவது? இந்தக் கேள்விக்கு இன்சூரன்ஸ் கம்பெனிகள் பல ஒரு பதில் வைத்திருந்தன.

தேசப்படத்தில் அட்சரேகை என்று குறுக்கே கோடுகள் இருக்கும். 12 டிகிரி 40 நிமிடம் என்ற கோட்டுக்குத் தெற்கே படகைக் கொண்டுபோய் விடுங்கள் என்று அவர்கள் சொன்னார்கள். நம் மாமல்லபுரமும் ஏறக்குறைய அதே கோட்டின்மேல்தான் இருக்கிறது. அந்தக் கோட்டுக்குத் தெற்கே புயல் வருவது அபூர்வம் என்பது கணக்கு.

கணக்குக்குக் காரணம் இருக்கிறது. ஆப்பிரிக்காவின் பக்கத்தில் பிறக்கும் புயல், அட்லாண்டிக் கடலைத் தாண்டி மேற்கே வரும். பூமி சுழல்வதால், அது போகப் போக வடக்கே திரும்பும். ஆகவே வடக்கே உள்ள தீவுகள் அடிக்கடி அடிபடும். தெற்கே உள்ளவை பெரும்பாலும் தப்பிவிடும்.

ஆனால் "பெரும்பாலும்" வேறு, "எப்போதும்" வேறு!

1955-ம் ஆண்டு "ஜேனட்" என்ற புயல் கிரனடாவைத் தாக்கியது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதற்குப் பிறகு 49 ஆண்டுகள் பெரிய அடி இல்லை. ஒரு தலைமுறையே புயலை மறந்துவிட்டது. 2004 செப்டம்பரில் "ஐவன்" வந்தது. கிரனடாவில் 10 வீடுகளில் 9 வீடுகள் சேதம் அடைந்தன. நாட்டின் கொடியிலேயே இடம் பெற்ற ஜாதிக்காய்ப் பயிர் நாசமானது. விழுந்த மரத்துக்குப் பதில் கன்று நட்டால், அது காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். மறு ஆண்டே, 2005-ல், "எமிலி" என்ற புயலும் வந்தது.

அரை மணி நேரத்தில்

2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி. புயல் காலம் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த மாதத்தில் பெரும்புயல் வருவது வழக்கம் இல்லை.

"பெரில்" என்ற புயல், கிரனடா நாட்டைச் சேர்ந்த காரியக்கூ என்ற குட்டித் தீவில் கரை ஏறியது. காற்றின் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். அரை மணி நேரத்தில் தீவு தரைமட்டம் ஆகிவிட்டதாகப் பிரதமர் டிக்கன் மிட்செல் அறிவித்தார். அருகில் இருக்கும் யூனியன் தீவிலோ 100 வீடுகளில் 90 வீடுகள் பாழாயின.

இரண்டு தீவுகளும் அந்தக் கோட்டுக்குத் தெற்கே இருப்பவை!

காரியக்கூவில் டைரல் என்ற விரிகுடா இருக்கிறது. அதன் ஓரத்தில் அலையாத்திக் காடு. புயல் வந்தால் படகுகள் அந்தக் காட்டுக்குள் ஒதுங்குவது வழக்கம். அன்றும் ஒதுங்கின. புயல் ஓய்ந்தபோது பார்த்தால், ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்ந்து கிடந்தன. காப்பாற்றிய காடும் இலை உதிர்ந்து எலும்புக்கூடாக நின்றது.

பெரில் அதோடு நிற்கவில்லை. மேலும் வலுத்து, புயல்களில் மிக உயர்ந்த 5-ம் தரத்தை எட்டியது. அட்லாண்டிக் கடலில் ஆண்டின் இவ்வளவு ஆரம்பத்திலேயே எந்தப் புயலும் அந்தத் தரத்தை எட்டியதாகப் பதிவு இல்லை.

ஏன் இப்படி?

புயலுக்குச் சாப்பாடு, கடலின் சூடு. கடல்நீர் சுமார் 26½ டிகிரி சூட்டைத் தாண்டினால் புயல் கொழுக்கும். வழக்கமாக ஆகஸ்டு, செப்டம்பரில்தான் அந்தக் கடல் நன்றாகச் சூடேறும். 2024-ல் ஜூன் மாதமே அந்தச் சூடு வந்துவிட்டது.

உலகம் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் கடலைச் சூடேற்றுகின்றன. அதில் இந்தக் குட்டித் தீவுகளின் பங்கு மிக மிகக் குறைவு. ஆனால் அடி விழுவது அவர்கள் முதுகில்!

கிரனடா ஒரு புத்திசாலித்தனமான காரியம் செய்திருந்தது. வெளியே வாங்கிய கடன் பத்திரத்தில், "பெரும்புயல் அடித்தால் தவணையைத் தள்ளிப்போடலாம்" என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்திருந்தது. பெரில் வந்த பிறகு அதைப் பயன்படுத்தி, வட்டிக்குப் போக வேண்டிய பணத்தை நிவாரணத்துக்குத் திருப்பியது. 2007-ல் கரீபியன் நாடுகள் சேர்ந்து அமைத்த இன்சூரன்ஸ் நிதியில் இருந்தும் 4 கோடி டாலருக்கு மேல் கிடைத்தது.

அப்படியானால் போகலாமா?

போகலாம். ஆனால் கோட்டை நம்பி அல்ல, மாதத்தைப் பார்த்துப் போக வேண்டும்.

ஜனவரி முதல் மே வரை அந்தக் கடலில் புயல் அபாயம் அநேகமாக இல்லை. விடுமுறை ஜூலையில்தான் கிடைக்கும் என்பவர்கள், புயல் எச்சரிக்கை வந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா, படகை யார் எங்கே கொண்டுபோய்க் கட்டுவது, விமானத்தில் உடனே திரும்ப வழி உண்டா என்பதை எல்லாம் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

இன்னொன்றும் உண்டு. புயலுக்குப் பயந்து எல்லாரும் ஒதுங்கிவிட்டால், அது அந்த மக்களுக்கு இரண்டாவது புயல். படகில் வருகிறவர்கள் காய்கறி வாங்குகிறார்கள். மீன் வாங்குகிறார்கள். துணி வெளுக்கப் போடுகிறார்கள். குளிர்காலத்து 5 மாத வருமானத்தில்தான் பலர் 12 மாதம் சாப்பிடுகிறார்கள். வேண்டியதை எல்லாம் முதல் துறைமுகத்தில் உள்ள பெரிய கடையிலேயே மூட்டை கட்டி ஏற்றிக்கொண்டால், குட்டித் தீவுகளுக்கு மிஞ்சுவது குப்பை மட்டுமே.

அந்தத் தீவுகளில் நம்மவர்களின் சுவடும் இருக்கிறது. 1861-ம் ஆண்டு ஜூன் 1-ந் தேதி, சென்னையில் இருந்து கூலித் தொழிலாளர்களை ஏற்றிச் சென்ற கப்பல் செயின்ட் வின்சென்ட் தீவை அடைந்தது. அவர்களும் பாய்மரக் கப்பலில்தான் போனார்கள். ஆனால் அது உல்லாசப் பயணம் அல்ல, கரும்புத் தோட்டத்தில் உழைக்கப் போன பயணம்.

காரியக்கூ மக்கள் மரத்தில் பாய்மரப் படகு கட்டுவதில் கெட்டிக்காரர்கள். தகப்பனிடம் இருந்து மகன் கற்கும் தொழில் அது. 2023-ல் யுனெஸ்கோ சபை அந்தக் கைத்தொழிலை மனிதகுலத்தின் கலாசாரச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. 7 மாதத்தில் பெரில் வந்தது.

வீடு இடிந்தால் கட்டலாம். படகு உடைந்தால் செய்யலாம். கை இருக்கிறது, தொழில் தெரியும். ஆனால் கடல் மேலும் மேலும் சூடாகிக்கொண்டே போனால், கட்டி முடிப்பதற்குள் அடுத்த புயல் வந்து நிற்கும். அதைத் தடுப்பது அந்தத் தீவு மக்களின் கையில் மட்டும் இல்லை.