பிந்தி விளையாடுவதும் உரிமைதான்

“அண்ணா, அதை இப்பவா விளையாடுறீங்கள்?” இந்தக் கேள்வி எனக்கு அலுத்துவிட்டது. 2001இல் வந்த ‘சைலன்ட் ஹில் 2’, 1999இல் வந்த ‘பிளேன்ஸ்கேப்: டோர்மென்ட்’ என்று எதைச் சொன்னாலும் அதே சிரிப்பு. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கியில் தொடராக வந்தது. அதை இன்று கையில் எடுக்கிறவரைப் பார்த்து, “எழுபது வருடம் பிந்திவிட்டீர்கள்” என்று நீங்கள் சிரிப்பீர்களா? மாட்டீர்கள். கேமுக்கு மட்டும் ஏன் இந்தச் சட்டம்?

ஏனென்றால் கேமுக்குக் காலாவதித் தேதி இருக்கிறது என்று உங்களை நம்ப வைத்திருக்கிறார்கள். அது விற்பவர்களின் கணக்கு. வெளியாகும் வாரத்தில் முழு விலைக்கு விற்றால்தான் அவர்களுக்கு இலாபம். அந்த வாரம் வாங்காவிட்டால் எல்லாரும் பேசும் கதையில் உங்களுக்கு இடமில்லை என்ற பயம்தான் அவர்களுடைய விளம்பரம்.

அந்தப் பயத்துக்குக் கிடைக்கும் பலனைப் பாருங்கள். 2020 டிசம்பரில் ‘சைபர்பங்க் 2077’ வந்தது. பிளேஸ்டேஷன் 4இல் அவ்வளவு பிழைகள். ஏறக்குறைய ஒரு வாரத்தில் சோனி தன் இணையக் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. திரும்ப வைத்தது 2021 ஜூனில். 2023 செப்டம்பரில் 2.0 திருத்தம் வந்த பிறகு அதைப் புதிய கொன்சோலிலோ கணினியிலோ விளையாடியவருக்குத்தான் ஒழுங்கான கேம் கிடைத்தது. வெளியானதைக் கொடுத்துப் பிழை கண்டுபிடிக்க வைப்பதற்கு எங்கள் தொழிலில் டெஸ்டிங் என்று பெயர். அதற்குச் சம்பளம் தருவார்கள். முதல் நாள் வாங்குகிறவர் அதே வேலையைக் காசு கொடுத்துச் செய்கிறார்.

“பழைய கேம் கண்ணுக்கு வடிவாக இல்லை, கன்ட்ரோல் கையில் நிற்காது” என்பீர்கள். பாதி உண்மை. 2000இல் வந்த ‘டியஸ் எக்ஸ்’ஐத் தொடங்கினால் முதல் இரண்டு மணித்தியாலம் எரிச்சல்தான் வரும். முகங்கள் மரக்கட்டை மாதிரி இருக்கும். ஆனால் ஒரு பூட்டிய கதவை உடைக்கலாம், ஹாக் பண்ணலாம், காற்றுக்குழாய்க்குள்ளால் ஊர்ந்து போகலாம் என்று உங்களை யோசிக்க விடும் விதத்தில், இன்றைய பல பெரிய கேம்களை அது இன்னும் வெட்கப்பட வைக்கிறது. 1999இன் முதல் ‘சைலன்ட் ஹில்’லில் ஊரெல்லாம் மூடுபனி. பழைய பிளேஸ்டேஷனால் தூரத்தில் இருப்பதை வரைய முடியாததை மறைக்கத்தான் அந்தப் பனி. இயந்திரத்தின் குறையையே பயமாக மாற்றினார்கள். ‘ஷாடோ ஒஃப் த கொலோசஸ்’ 2005இல் வந்தது. பதினாறு பூதங்கள், வேறு எதிரி யாரும் இல்லை. வெறும் நிலமும் குதிரையும் உங்கள் குற்ற உணர்வும் மட்டும்தான். இவற்றை விளையாடாமல் “இந்த வருடத்தின் புதுமை” என்று ஒருவர் சொன்னால், அது உண்மையிலேயே புதுமையா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எங்களில் பலருக்கு இந்தக் கேம்கள் “தவறிப்போகவில்லை”. அவை எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. அப்பா இரவு வேலை, அம்மா பகல் வேலை, ஊருக்குக் காசு அனுப்பவேண்டும். அதற்குள் 50 டொலர் கேமுக்கு எங்கே போவது? வகுப்பில் மற்றப் பெடியள் கதைத்ததைக் கேட்டுக் கதை தெரிந்தவர்கள் நாங்கள். இன்று சொந்தச் சம்பளத்தில் அதே கேமை 5 டொலருக்கு வாங்கி விளையாடும்போது, நாங்கள் யாருக்கும் பின்னால் ஓடவில்லை. எங்களுக்கு வரவேண்டியதை எடுத்துக்கொள்கிறோம்.

ஆனால் எடுத்துக்கொள்ளவும் அது அங்கே இருக்கவேண்டுமே! என் உண்மையான கோபம் இங்கேதான்.

2023 மார்ச்சில் நின்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யூ கொன்சோல்களின் இணையக் கடைகளை மூடியது. 2024 ஜூலையில் எக்ஸ்பொக்ஸ் 360இன் கடை மூடப்பட்டது. அங்கே மட்டும் விற்கப்பட்ட கேம்களைப் புதிதாக வாங்க இனி நேர்வழி இல்லை. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 வீதம் இப்போது கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன் 2023இல் கணக்கிட்டது. இப்படிப்பட்ட கேம்களை ஆய்வாளர்களுக்கு நூலகங்கள் தூரத்திலிருந்து காட்ட அனுமதிக்கலாமா என்று கேட்டபோது, 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. கேம் கம்பனிகளின் சங்கமும் அதை எதிர்த்தே நின்றது. அவர்களும் விற்கமாட்டார்கள், நூலகமும் கொடுக்கக்கூடாது. இது என்ன நியாயம்?

காசு கொடுத்து வாங்கியதும் நிலைப்பதில்லை. யூபிசொஃப்ட்டின் ‘த க்ரூ’ 2014இல் வந்தது. தனியாக ஓடினாலும் இணையம் வேண்டும். 2024 மார்ச் 31இல் சேர்வரை நிறுத்தினார்கள். டிஸ்க் வைத்திருந்தவருக்கும் கேம் செத்துப்போனது. அதிலிருந்துதான் ‘ஸ்டொப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம் பிறந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கான மனு 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. “சேர்வரை என்றென்றும் ஓட்டச் சொல்கிறீர்களா?” என்று கம்பனிகள் கேட்கின்றன. இல்லை. கையை எடுக்கும்போது, அவர்கள் இல்லாமலும் ஓடக்கூடிய நிலையில் விட்டுப் போகச் சொல்கிறோம். மென்பொருள் எழுதுகிறவனாகச் சொல்கிறேன்: கடைசி நாளில் யோசித்தால் அது கஷ்டம். முதல் நாளே திட்டமிட்டால் செய்யக்கூடிய வேலை.

எனவே தம்பி, தங்கச்சி, செய்யக்கூடியதைச் சொல்கிறேன். முன்பதிவு செய்யாதீர்கள், டிஜிட்டல் பிரதி ஒருநாளும் தீர்ந்து போகாது. பழைய கேம்களை ஜிஓஜியில் தேடுங்கள்; அங்கே வாங்கும் கேமின் இன்ஸ்டோலரை இறக்கி உங்கள் சொந்த டிரைவில் வைத்துக்கொள்ளலாம். பழைய டிஸ்க் கிடைத்தால் எறியாமல் வைத்திருங்கள். உங்கள் நகர நூலகத்தில் கேம் இரவல் தருகிறார்களா என்று கேளுங்கள். தராவிட்டால் ஏன் தரவில்லை என்றும் கேளுங்கள். கனடாவில் இருந்தால் உங்கள் எம்பியிடம், ஐரோப்பாவில் இருந்தால் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினரிடம் இதை ஒரு நுகர்வோர் பிரச்சினையாக எழுதுங்கள்.

ஒன்று மட்டும் செய்யவேண்டாம். தள்ளுபடியில் இருநூறு கேமை வாங்கிக் குவித்து, அதற்கு ‘பேக்லாக்’ என்று பெயர் வைத்து, கடன் மாதிரிச் சுமக்காதீர்கள். பேக்லாக் என்பது எங்கள் அலுவலகச் சொல். முடிக்காத வேலைக்குத்தான் அந்தப் பெயர். சனிக்கிழமை இரவு அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். ஒரு கேமை எடுங்கள். பிடித்தால் முடியுங்கள், பிடிக்காவிட்டால் விடுங்கள். எந்த வருடம் வந்தது என்று யாராவது கேட்டால், வருடத்தைச் சொல்லிவிட்டு, அவர்களுக்கும் ஒரு கன்ட்ரோலரைக் கொடுங்கள்.