சான்றிதழ் வாங்கும் முன் ஒரு கணக்கு

அமெரிக்காவில் பல் மருத்துவ உதவியாளர் படிப்பில் சேர்பவர்கள் கட்டணத்தை மட்டுமே செலவாக எண்ணுகிறார்கள். படிக்கும் மாதங்களில் கைக்கு வராமற்போகும் சம்பளமும் செலவுதானே? 2023-ம் ஆண்டுக்கு அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை சொன்ன, இந்த உதவியாளர்களின் இடைநிலை ஆண்டு ஊதியம் 46,540 டாலர். பல மாநிலங்களில் சான்றிதழ் இல்லாமலே கிளினிக்கில் சேர்ந்து, சம்பளம் வாங்கிக்கொண்டே தொழில் கற்கலாம். நாடு முழுவதும் மதிப்புள்ள சிடிஏ என்ற உதவியாளர் சான்றிதழுக்கான தேர்வைக்கூட, பள்ளிப் படிப்பும் 3,500 மணி நேரப் பணி அனுபவமும் உள்ளவர்கள் எழுத வழியிருக்கிறது. தனியார் பயிற்சி நிலையங்களின் விளம்பரங்கள் இதைப் பெரிய எழுத்தில் போடுவதில்லை!

எக்ஸ்ரே எடுக்கச் சில மாநிலங்கள் முறையான பயிற்சி கேட்கின்றனவே என்பார்கள். உண்மைதான், ஆனால் அதற்கென்று தனியே குறுகியகாலப் பயிற்சி போதுமான இடங்களும் உண்டு. ஆகவே முதலில் படிக்க வேண்டியது மாநிலப் பல் மருத்துவ வாரியத்தின் விதிகளை. கிருமிநீக்கம் போன்றவற்றை வகுப்பில் ஒழுங்காகக் கற்பது நல்லது என்ற வாதத்தையும் ஏற்கிறேன். குறைந்த கட்டணத்தில், அரசு உதவித்தொகையோடு, சமுதாயக் கல்லூரியில் கற்கட்டும். கடன் வாங்கியாவது படிப்பேன் என்பவர், இன்னும் கொஞ்சம் பொறுத்து அசோசியேட் பட்டம் பெற்று டென்டல் ஹைஜீனிஸ்ட் ஆகலாம். 2023-ல் ஹைஜீனிஸ்டுகளின் இடைநிலை ஆண்டு ஊதியம் 87,530 டாலர்.