கொரிய நாடகமும் தேர்வுரிமையும்

சந்தையில் மீன் வாங்குகிறவர் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்குவதில்லை. சேலைக் கடையில் முந்தானையை விரித்துப் பார்க்காத தாய்மாரும் இல்லை. ஆனால் 16 மணி நேரத்துக்கு மேல் செலவிட்டுக் காணப்போகும் ஒரு கொரிய நாடகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் தமிழ் இல்லங்களில் எந்த ஆராய்ச்சியும் நடைபெறுவதில்லை. திரையில் எது முதலில் வந்து நிற்கிறதோ அதுவே போடப்படுகிறது. இதற்குத் தேர்வு என்று பெயரிடுவது அச்சொல்லுக்கே இழுக்கு.

கொரிய நாடகமே கூடாது, அதனால் பண்பாடு கெடும் என்று முழங்குவோர் ஒருபுறம் இருக்கின்றனர். அவர்களுள் பலர் தமிழகத்துத் தொடர்களில் மாமியாரும் மருமகளும் இடும் சண்டையை ஆண்டுக்கணக்கில் கண்டு களிக்கிறவர்கள் என்பதைச் சுட்டாமல் விட இயலாது. கொரிய நாடகமோ பெரும்பாலும் 16 அல்லது 20 பகுதிகளில் தன் கதையைச் சொல்லி முடித்து விடைபெற்றுக்கொள்கிறது. முடிவு என்ற ஒன்று உண்டு என்பதே கதைக்கலையின் முதல் நேர்மையன்றோ?

மறுபுறம், கொரியக் குழந்தை தாயை ‘ஒம்மா’ என்றும் தந்தையை ‘அப்பா’ என்றும் அழைப்பதைக் கேட்டுப் புளகாங்கிதம் அடைந்து, கொரியர் அனைவரும் தமிழரின் உறவினரே என்று முடிவுகட்டி, எதைக் காட்டினாலும் பார்க்கும் கூட்டம் ஒன்று இருக்கிறது. சில சொற்கள் ஒலியால் ஒத்திருப்பது மொழியுறவை நிறுவாது என்பதைத் தமிழாசிரியர்கள் அறிவர். நிறுவிவிட்டது என்றே வைத்துக்கொள்வோர்க்கும், நல்ல நாடகம் எது, போலி நாடகம் எது என்று அவ்வுறவு எடுத்துக்காட்டப் போவதில்லை.

இவ்விரு சாராரும் காணத் தவறுவது ஒன்று உண்டு. தேர்வை இன்று செய்வது பார்வையாளர் அல்லர்; தளமே செய்கிறது. நெட்ஃபிலிக்ஸ் 2016 ஜனவரியில் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் காலூன்றியது. ஒரே படைப்புக்கு ஒவ்வொருவரின் விருப்பத்தையும் கணித்து வெவ்வேறு முகப்புப் படம் காட்டும் முறையை அந்நிறுவனத்தின் பொறியாளர்களே 2017-இல் வெளிப்படையாக விளக்கினர். காதற்கதை விரும்புகிறவளுக்குக் காதலர் முகம், நகைச்சுவை விரும்புகிறவனுக்குச் சிரிக்கும் முகம். கடைக்காரர் ஒரே மாம்பழத்தை ஆளுக்கொரு வண்ணத் தாளில் சுற்றித் தருவது போன்றது இது. 2020-இல் ஒவ்வொரு நாட்டிற்கும் முதல் 10 இடங்களின் பட்டியல் வந்தது. எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதை மட்டுமே அப்பட்டியல் சொல்லும். ஏன் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லாது. கொரியப் படைப்புகளில் நான்கு ஆண்டுகளில் 250 கோடி அமெரிக்க வெள்ளி முதலீடு செய்யப்போவதாக 2023-இல் அறிவித்த நிறுவனம், தன் சரக்கை முன்வரிசையில் அடுக்காமல் பின்வரிசையிலா அடுக்கும்? வணிகர் வணிகம் செய்வதில் குற்றமில்லை. வாங்குகிறவர் கண்ணை மூடிக்கொள்வதே குற்றம்.

முகம் பார்த்துத் தேர்வதால் நேரும் இழப்புக்கு ‘மை மிஸ்டர்’ நல்ல சான்று. 2018-இல் வெளிவந்த இந்நாடகத்தின் முகப்பில் நடுவயது ஆடவர் ஒருவரும் இளம்பெண் ஒருத்தியும் நிற்பர். அதைக் கண்டு தகாத காதற்கதை என்று ஒதுக்கியோர் உளர். அதையே எதிர்பார்த்துத் தொடங்கி ஏமாந்தோரும் உளர். உண்மையில் அவர் கட்டடங்களின் உறுதியைச் சோதிக்கும் பொறியாளர். அவளோ கடன்காரனின் அடியைத் தாங்கிக்கொண்டு, வாய் பேசாத, காது கேளாத பாட்டியைக் காப்பாற்றும் தற்காலிக ஊழியர். எடை தாங்காத கட்டடம் போல் உள்ளே விரிசல் கண்ட இரண்டு உயிர்கள் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கும் கதை அது. எழுதியவர் பார்க் ஹே-யோங். அந்நாடகத்திற்காக 2019-இல் பெக்சாங் கலை விருது விழாவில் சிறந்த திரைக்கதைக்கான பரிசு அவருக்குக் கிடைத்தது. இதனைப் பார்த்து உருகிய ஒரு மாணவி அடுத்து எதைப் பார்ப்பாள்? பெரும்பாலும் அதே நடிகை நடித்த வேறொன்றை. எழுதியவர் பெயரை அறிந்திருந்தால், சியோல் நகருக்கு நாள்தோறும் நெடுந்தொலைவு சென்று திரும்பும் மூன்று உடன்பிறப்புகளின் சலிப்பையும் ஏக்கத்தையும் அவரே 2022-இல் ‘மை லிபரேஷன் நோட்ஸ்’ என்று எழுதியிருப்பதைக் கண்டடைந்திருப்பாள்.

கொரியத் தொலைக்காட்சியில் எழுத்தாளர் மூலையில் நிற்கும் கூலியாள் அல்லர். பெரும்பாலான நாடகங்கள் முதற்பகுதியிலிருந்து இறுதிப்பகுதி வரை ஒருவர் அல்லது இருவர் எழுதியவை. இன்னாரின் புதிய நாடகம் என்றே செய்தி வெளியாகும். முதியோரின் நட்பையும் பிணக்கையும் ‘டியர் மை ஃபிரண்ட்ஸ்’ நாடகத்தில் எழுதிய நோ ஹீ-கியோங், ‘அவர் புளூஸ்’ நாடகத்தில் டவுன் நோய்க்குறி உடைய தமக்கை பாத்திரம் ஒன்றைப் படைத்தார். அந்நிலை உடைய ஓவியர் ஒருவரே அதில் நடித்தார். பெயர் மட்டும் போதும் என்றும் கூறிவிட முடியாது. செல்வர் மகன் ஏழைப்பெண்ணைக் காதலிக்கும் கனவுகளால் புகழ் பெற்ற கிம் உன்-சுக் தான், பள்ளி வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் பழிவாங்கலை ‘த குளோரி’ என்று எழுதினார். ஆயினும் அந்த வேறுபாட்டை வியப்பதற்கும் அவர் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

பொழுதுபோக்குக்கு ஏன் இத்தனை ஆராய்ச்சி என்று கேட்பார் உண்டு. நாவல் ஒன்றைக் கையில் எடுத்தவுடன் ஆசிரியர் யார் என்று கேட்கும்படி வகுப்பறையில் பயிற்றப்பட்ட மாணவர்கள், திரைமுன் அமர்ந்ததும் நடிகரின் பிறந்த நாளை ஒப்பிக்கிறார்கள். எழுதியவர் பெயரைக் கேட்டால் விழிக்கிறார்கள். ஒரே கதைக்கலைக்கு இருவேறு நெறிகளா? ஒன்றரை மடங்கு விரைவில் ஓட்டிப் பார்ப்போரும் உளர். அவர்களிடம் எழுத்தாளரைப் பற்றிப் பேசுவது வீண். உரையாடலின் நடுவே வரும் மௌனத்தை வெட்டி எறிந்தவர்க்கு எழுத்தின் பாதி ஏற்கெனவே போயிற்று.

எந்த மொழி எழுத்துகளின் வழியே பார்ப்பது என்பதும் தேர்வில் அடங்கும். பணிவுடன் பேசுவதையும் உரிமையுடன் பேசுவதையும் கொரிய மொழி வினைமுடிவிலேயே பிரித்துக்காட்டும். ஆங்கில வரி இரண்டையும் ஒரே சொல்லாக்கி முடித்துவிடும். நீ, நீங்கள் என்ற வேறுபாட்டில் வளர்ந்த தமிழர் செவியைக் கூர்மையாக்கினால், முதல் நாள் பணிந்து பேசியவன் மறுநாள் உரிமை கொண்டாடும் தருணம் தெளிவாகப் புலப்படும். 2025-இல் வெளிவந்து உலகெங்கும் பேசப்பட்ட ‘வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்’ நாடகத்தின் பெயரே இதற்குச் சான்று. கவிஞராக விரும்பும் ஜெஜு தீவுப் பெண்ணின் வாழ்வைச் சொல்லும் அதன் மூலத் தலைப்பு அத்தீவின் வட்டார வழக்கில் அமைந்தது; மிகவும் பாடுபட்டுவிட்டீர்கள் என்பது பொருள். பொதுக் கொரிய மொழி மட்டும் அறிந்தவர் காதில் அதுவே ஏமாந்து போனதைக் குறிப்பது போல் ஒலிக்கும். ஆங்கிலத் தலைப்போ எலுமிச்சம்பழம் பற்றிய ஓர் ஆங்கிலப் பழமொழியைத் திருகி ஆரஞ்சுப் பழமாக்கியது. லிம் சாங்-சுன் வைத்த பெயரின் நன்றியும் களைப்பும் அதில் எங்கே?

தமிழாசிரியர்கள் இவ்விடத்தில் ஒதுங்கி நிற்பது புரியாத புதிர். எதைப் பார்க்கலாம் என்று கேட்கும் மாணவரிடம், பாடத்தைப் பார் என்று எரிந்துவிழுவதற்கு மாறாக ‘டீப் ரூட்டட் ட்ரீ’ என்று சொல்லலாம். 2011-இல் வெளிவந்த இந்த 24 பகுதி நாடகம், 1443-இல் மன்னர் செஜோங் எளிய மக்களுக்கென எழுத்து வடிவம் படைத்ததையும், சீன எழுத்தில் ஊறிய அறிஞர் கூட்டம் அதை எதிர்த்ததையும் மர்மக் கதையின் விறுவிறுப்போடு புனைந்து காட்டுவது. தாய்மொழி வகுப்பில் பேசுவதற்கு இதனினும் ஏற்ற பொருள் யாது? பழைய நாடகமாதலால் எந்தப் பட்டியலும் இதனை முன்னால் நிறுத்தப்போவதில்லை. தேடித்தான் எடுக்க வேண்டும். எழுதிய இருவருள் ஒருவர் கிம் யோங்-ஹியோன். அரண்மனைச் சமையற்காரி மருத்துவராக உயரும் ‘டே ஜாங் கம்’ நாடகத்தின் 54 பகுதிகளையும் கண்ணீரோடு பார்த்த தாய்மார், அதை எழுதியவரும் இவரே என்று இன்றுவரை அறியார்.