தூணருகில் நின்ற இளைஞர்



நம் ஆலயங்களில் திருமணமோ அடக்கத் திருப்பலியோ நிகழும்போது, பின்புறத்தில் கைகட்டி நிற்கும் சிலரைக் காண்கிறோம். மணமகனோடு பணிபுரிகிறவர், இறந்தவரின் அண்டை வீட்டார், கடவுளே இல்லையென்று வாதிடும் உறவினர் எனப் பலவகையினர் அவர்கள். எப்போது எழுவது, எப்போது அமர்வது என்றறியாமல், நம்மைப் பார்த்தே எழுகிறார்கள். நம்மைப் பார்த்தே அமர்கிறார்கள். அவர்களது உள்ளத்தில் என்ன நிகழ்கிறது? பெரும்பாலோர் சொல்வதில்லை. ஒருவர் மட்டும் அதை எழுதியே வைத்துச் சென்றிருக்கிறார்.

அவர் பிரெஞ்சுக் கவிஞர் பால் குளோதெல். 1868-இல் பிறந்தவர், பின்னாளில் டோக்கியோவிலும் வாஷிங்டனிலும் தம் நாட்டின் தூதராகப் பணியாற்றியவர். இளமையில் அவருக்கு விசுவாசம் இல்லை. புதுநன்மை வாங்கிய சில காலத்திலேயே அது அவரை விட்டு நீங்கிற்று. உலகம் முழுவதும் மாறா விதிகளால் பின்னப்பட்ட ஒரு சங்கிலி, அதன் கண்ணிகளை விஞ்ஞானம் ஒவ்வொன்றாய் அவிழ்த்துவிடும் என்பதே அக்காலப் படித்தவர்களின் கொள்கை. அவரும் அதையே நம்பினார்.

1886-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவன்று, பதினெட்டு வயதான குளோதெல், பாரிஸ் நகரின் நோத்ருதாம் பேராலயத்துக்குச் சென்றார். செபிக்க அன்று, எழுத்துக்குப் பயன்படும் சுவையான காட்சி ஏதேனும் கிடைக்குமா என்று பார்க்கவே சென்றார். காலைப் பாடற்பூசை அவரைப் பெரிதாய்க் கவரவில்லை. வேறு வேலை இல்லாமையால், மாலை வழிபாட்டுக்கு மீண்டும் வந்தார். பீடத்தின் முன்னே, சக்ரீஸ்துப் பக்கமாய், ஒரு தூணருகில் கூட்டத்தோடு கூட்டமாய் நின்றார். பாடகர் குழுச் சிறுவர்களும் இளங்குருமட மாணவர்களும் பாடிக்கொண்டிருந்தனர். அது மரியன்னையின் புகழ்ப்பாடல் என்பதுகூட அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்நேரத்தில், ஒரு நொடியில், அவர் உள்ளம் தொடப்பட்டது, அவர் நம்பினார்.

கதை இத்துடன் முடிந்திருந்தால், அதை ஓர் இனிய அற்புதமாகச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். முடியவில்லை. உள்ளம் நம்பிற்று, அறிவோ இருந்த இடத்திலேயே இருந்தது. பழைய கருத்துகள் ஒன்றும் இடிந்து விழவில்லை. நான்கு ஆண்டுகள் அவர் போராடினார். அவரைத் தடுத்தது தத்துவம் மட்டுமன்று, வெட்கமும்தான். வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனம் அனுசரிக்கப் போவதாய்ப் பெற்றோரிடம் சொல்ல வேண்டுமே என்று எண்ணியபோதே அவருக்கு வியர்த்ததாம்! பிறர் நகைப்புக்கு அஞ்சும் நம் பிள்ளைகள் இவரிடம் தங்கள் சாயலைக் காணலாம்.

அந்த ஆண்டுகளில் அவருக்கு ஆசானாய் விளங்கியது பேராலயத்தின் வழிபாடே. ஞாயிறுதோறும் அங்கே சென்றார். குருவானவரின் ஒவ்வொரு அசைவையும் கண்கொட்டாமல் கவனித்தார். நற்கருணை வாங்கச் செல்லும் எளிய மக்களைக் கண்டு பொறாமைப்பட்டார். தவக்கால வெள்ளிகளில் ஆண்டவரின் முள்முடியை முத்தஞ்செய்யும் வரிசையில் மட்டும் தயங்கித் தயங்கிச் சேர்ந்துகொண்டார். இறுதியில் 1890-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவன்று, அதே பேராலயத்தில் நற்கருணை உட்கொண்டார்.

இதில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. அன்று பாடிய சிறுவர்கள் யாரையும் மனந்திருப்பப் பாடவில்லை. தூணருகில் நின்றவரை அவர்கள் அறிந்திருக்கவும் நியாயமில்லை. அவர்கள் செய்தது ஒன்றே: தங்களுக்குரிய பாடலைத் தங்களுக்குரிய நேரத்தில் இறைவனுக்காகப் பாடினார்கள். எஞ்சியதை இறைவன் பார்த்துக்கொண்டார்.

வழிபாட்டைக் காணவரும் அனைவருக்கும் இப்படி நேர்வதில்லை. பலர் மரியாதையோடு நின்று, மரியாதையோடு திரும்புவர். அவர்களை வலிந்து இழுக்கவோ, துருவித் துருவி வினவவோ நமக்கு உரிமையில்லை. குளோதெலின் கையை அன்று எவரும் பற்றி இழுக்கவில்லை. விசுவாசம் இறைவனின் கொடை; அதைக் கொடுக்கும் நாழிகையும் அவருடையதே.

ஆயினும் நம் பங்கு ஒன்று இருக்கிறது. மறையுரையின்போது வெளியே மரத்தடியில் நின்று பேசுகிறோம். பாடலைப் பாடகர் குழுவிடம் விட்டுவிட்டு வாய்மூடி நிற்கிறோம். திருமணத் திருப்பலியில் படமெடுப்பவருக்கு முகம் காட்டுகிறோம். நம்மைப் பார்த்தே எழுந்து, நம்மைப் பார்த்தே அமரும் அந்த விருந்தினர், நம்மிடம் எதைக் காண்பார்? வழிபடும் மக்களையா, கூடியிருக்கும் கூட்டத்தையா?

வரும் ஞாயிறன்று குடும்பமாய் ஆலயத்துக்குச் செல்லும்போது, பின்னே நிற்பவர்களை ஒரு கணம் நினைவுகூருங்கள். பிறகு அவர்களை மறந்து, முழுமனத்தோடு இறைவனைப் பாடுங்கள்.