கிளிக்கு வெறும் விதை போதுமா?

பச்சை உடம்பு, சிவப்பு மூக்கு, கழுத்தில் ஒரு வளையம்... நம் ஊர் பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்து வளர்ப்பது குற்றம் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் 2022 டிசம்பரில் திருத்தியது. 2023 ஏப்ரல் 1 முதல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. இதில் பச்சைக்கிளி இரண்டாவது அட்டவணையில் இருக்கிறது. பிடித்தாலும், விற்றாலும், வளர்த்தாலும் அபராதம் உண்டு. சிறைக்கும் போக நேரலாம்.

அப்படியானால் கடைகளில் கிளி விற்கிறார்களே? அவை வெளிநாட்டுக் கிளிகள். அவற்றுக்கும் 2024 பிப்ரவரியில் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. பஞ்சவர்ணக்கிளி, காக்கட்டூ, ஆப்பிரிக்க சாம்பல் கிளி போன்றவற்றை வைத்திருப்பவர்கள் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். நாம் 'லவ் பேர்ட்ஸ்' என்று வாங்குகிறோமே, அந்தக் குட்டிக் கிளிகளில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவின் பட்ஜெரிகர். இவற்றுக்குப் பதிவு தேவையில்லை.

சரி, பதிவுச் சான்றிதழ் கையில் இருந்தால் கிளி நலமாக இருந்துவிடுமா? அதன் கிண்ணத்தை எட்டிப் பாருங்கள். பல வீடுகளில் சூரியகாந்தி விதை மட்டும்தான் இருக்கும். கிளியும் ஆசையாகக் கொறிக்கும். சிக்கலே அங்கேதான்! சூரியகாந்திப் பருப்பின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். காட்டில் நாள் முழுக்கப் பறந்து இரை தேடும் கிளி அந்தக் கொழுப்பை எரித்துவிடும். கூண்டுக்குள் இரண்டடி நகரும் கிளி என்ன செய்யும்? கொழுப்பு ஈரலில் போய்ப் படியும்.

இன்னொரு குறையும் இருக்கிறது. விதையில் வைட்டமின் ஏ மிகக் குறைவு. அது கிடைக்காவிட்டால் வாய், மூக்கு இவற்றின் உட்புறத் தோல் தடித்துப்போகும். கிருமிகள் சுலபமாக நுழையும். கிளி அடிக்கடி தும்மினால், மூக்கில் நீர் வடிந்தால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சுண்ணாம்புச் சத்தும் விதையில் போதாது. ஆப்பிரிக்க சாம்பல் கிளிக்கு அந்தச் சத்து குறைந்தால் வலிப்பே வந்துவிடும்.

இதற்கான மருந்து நம் சமையலறையிலேயே இருக்கிறது. முருங்கைக்கீரை, கேரட், மஞ்சள் பூசணி, குடைமிளகாய், முளைகட்டிய பாசிப்பயறு. பச்சை மிளகாயும் கொடுக்கலாம். நமக்குத்தான் கண்ணில் நீர் வரும். பறவைகளுக்கு அந்தக் காரம் உறைக்காது! சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓட்டைக் கூண்டில் மாட்டிவிடலாம். கடையில் கிடைக்கும் பெல்லட் தீவனத்தில் பல சத்துகளைக் கலந்திருப்பதால், பெரிய கிளிகளுக்கு அதையே முக்கிய உணவாகக் கொடுக்கச் சொல்கிறார்கள் பறவை மருத்துவர்கள். விதை கொஞ்சமாக இருக்கட்டும்.

கொடுக்கவே கூடாதவை: அவகாடோ, சாக்லேட், காபி, டீ, வெங்காயம், உப்புப் போட்ட மிக்சர், சிப்ஸ். பாலும் வேண்டாம். பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கப் பறவைகளால் முடியாது. பாட்டி ஆசையாகப் பால் சாதம் ஊட்டினால் மெதுவாக எடுத்துச் சொல்லுங்கள்.

அவசரம் மட்டும் கூடாது. விதையை ஒரே நாளில் நிறுத்திவிட்டால், கிளி புதிய உணவை உணவென்றே நினைக்காமல் பட்டினி கிடக்கும். சில வாரங்கள் எடுத்து, விதையைக் குறைத்துப் புதியதைக் கூட்டுங்கள். சமையலறைத் தராசில் தினமும் எடை பாருங்கள். எடை சரிந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். நோயை வெளியே காட்டாமல் மறைப்பது பறவைகளின் குணம்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பச்சைக்கிளி இருக்கிறதா? கூண்டைத் திறந்து விட்டுவிடாதீர்கள்! கையில் ஊட்டி வளர்ந்த கிளிக்கு இரை தேடத் தெரியாது. இறக்கையிலும் வலு இருக்காது. காக்கையோ பூனையோ அன்றைக்கே பிடித்துவிடும். பெரியவர்களிடம் சொல்லி வனத்துறையிடம் ஒப்படையுங்கள். அது இதுவரை என்னென்ன தின்றது என்று ஒரு தாளில் எழுதி, ஒரு வாரத்துக்கான அதே உணவையும் கூடவே கொடுத்தனுப்புங்கள்.